சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்

திஸ் ஹீட் என்ற லண்டன் குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் எதுவும் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். ஹெட்போனில் கேட்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை.

தட்டின் முதல் துண்டுக்கு 'டெஸ்ட்கார்ட்' என்று பெயர். ஒரு நிமிடம்கூட ஓடாது. ஏதோ ஒரு மின்சாதனத்தை அணைக்க மறந்துவிட்டது போல மெல்லிய முனகல், அவ்வளவுதான். பத்து விநாடி பொறுத்திருப்போம், பதினைந்து விநாடி பொறுத்திருப்போம், அப்புறம் கை தன்னால் வால்யூம் குமிழுக்குப் போய்விடும். கூட்டிவைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும்போது அடுத்த பாட்டு 'ஹரிசாண்டல் ஹோல்ட்' வந்து விழும். டிரம்ஸ், கிட்டார், ஆர்கன் மூன்றும் ஒரே அடியாக, முழுச் சத்தத்தில், ஏற்கெனவே பாதி தூரம் ஓடிவந்த வேகத்தோடு. நான் முதல்முறை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டேன். அடுத்த அறையிலிருந்து அம்மா, "என்னடா அது, மிக்சியில கரண்டி விழுந்த மாதிரி?" என்றார். ஹெட்போனைத் தாண்டி அவருக்கே கேட்டிருக்கிறது.

இது தற்செயல் இல்லை. இந்தக் குழு நம் கையை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. கேட்பவன் என்ன செய்வான் என்று கணக்குப் போட்டு, அவனையே சத்தத்தைக் கூட்டவைத்து, அப்புறம் அடிக்கிறது. இந்த இசைத்தட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 'கரடுமுரடு', 'கொச்சை', 'காட்டுத்தனம்' என்று எழுதுவார்கள். கரடுமுரடுதான், சந்தேகமில்லை. ஆனால் இது தெரியாமல் வந்த கரடு இல்லை, காசில்லாமல் வந்ததும் இல்லை. உட்கார்ந்து, நிதானமாக, பலமுறை யோசித்து அப்படியே விட்டுவைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த இரண்டு பெயர்களும் டிவி சம்பந்தப்பட்டவை. டெஸ்ட்கார்ட் என்பது நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரையில் நிற்கும் கட்டமும் வட்டமும் போட்ட படம். தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். ஹரிசாண்டல் ஹோல்ட் என்பது பழைய டிவியில் இருந்த ஒரு குமிழ். படம் பக்கவாட்டில் கிழிந்து சாய்ந்து ஓடும்போது, அதைத் திருகித் திருகி நேர்ப்படுத்துவார்கள். பாட்டும் அதையேதான் செய்கிறது. ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும். நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று நாம் நம்பும் நேரத்தில் ஒரு அடி சறுக்கும். இன்னொரு துணுக்கு குறுக்கே வரும். சட்டென்று எல்லாம் நின்று ஆர்கன் மட்டும் தனியாக இழையும். மறுபடி அடி. கிட்டத்தட்ட ஏழு நிமிடம் இப்படி. குரல் கிடையாது.

மூன்று பேர் குழு. சார்ல்ஸ் ஹேவார்ட் டிரம்ஸ் வாசிப்பவர். சார்ல்ஸ் புல்லன் கிட்டார், கிளாரினெட், வயோலா. மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கீபோர்டும் பாஸ் கிட்டாரும் அவர் கையில் கொடுக்கப்பட்டன. மூவருமே பாடுவார்கள், மூவருமே டேப்பைக் கையாளுவார்கள். பாடல்களில் இன்னது இன்னார் எழுதியது என்ற கணக்கும் அவர்களிடம் இல்லை.

குழு தொடங்கியது 1976 தொடக்கத்தில். இங்கேதான் ஒரு வேடிக்கை. திஸ் ஹீட்டை இன்று 'போஸ்ட்-பங்க்' என்ற அலமாரியில் வைக்கிறார்கள். பங்க் என்ற எளிய, ஆவேசமான ராக் இசைக்குப் பிறகு வந்த இசை என்று பொருள். ஆனால் இங்கிலாந்தின் முதல் பங்க் சிங்கிள் என்று சொல்லப்படும் தி டாம்டு குழுவின் 'நியூ ரோஸ்' கடைக்கு வந்தது 1976 அக்டோபரில். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் நவம்பரில். அதாவது பங்க் பிறப்பதற்கு முன்பே பங்குக்குப் பிந்தைய குழு ஒன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஹேவார்ட் அதற்கு முன் குவைட் சன் என்ற குழுவில், பங்க் பையன்கள் கேலி செய்த அதே வகையான சிக்கலான நீண்ட ராக் இசையை வாசித்தவர். அதனால் இந்த அலமாரியை ரொம்ப நம்ப வேண்டாம். வசதிக்காக நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

பங்கின் கரடுமுரடு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. கிட்டாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு கற்றுக்கொள், ஒரு நாள் ஸ்டுடியோ எடு, அடித்துவிட்டு வா. பஸ்காக்ஸ் என்ற பங்க் குழு 1977 ஜனவரியில் சொந்தக் காசில் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' அப்படித்தான் வந்தது. அதன் அழகே அவசரம்தான். திஸ் ஹீட்டின் கணக்கு வேறு. இசைத்தட்டின் பதிவு 1976 பிப்ரவரியில் தொடங்கி 1978 செப்டம்பரில் முடிந்தது. இரண்டரை வருஷத்துக்கு மேல். வெளிவந்தது 1979ல். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் என்று ஒரு அட்டை. அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு யாரும் பிசிறு தட்டிய சத்தத்தோடு ஒரு தட்டை வெளியிடமாட்டார்கள், பிசிறு வேண்டும் என்று நினைத்தால் ஒழிய.

1977லிருந்து அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில், ஏக்கர் லேன் சாலையில் ஒரு பழைய இறைச்சித் தொழிற்சாலை. கலைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் ஆக்மி அமைப்பின் கையில் அது இருந்தது. அதற்குள்ளே இறைச்சியைக் குளிரவைக்கும் அறை ஒன்று. தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, சத்தம் வெளியே போகாது. அதற்கு கோல்ட் ஸ்டோரேஜ் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். குழுவின் பெயர் வெப்பம், ஒத்திகை அறையின் பெயர் குளிர்சாதனக் கிடங்கு. அந்த நகைச்சுவைக்கு விளக்கம் தேவையில்லை.

மணிக்கணக்கில் வாடகை தரும் ஸ்டுடியோவில் கடிகாரம் பார்த்து வாசிப்பதற்கும், சாவி நம் சட்டைப்பையில் இருக்கும் அறையில் வாசிப்பதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. இவர்கள் வாசித்ததை எல்லாம் கேசட்டில் பதிந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு கேசட்டில் எங்கோ நடுவில் இரண்டு நிமிடம் நன்றாக இருந்தால், அதை மறுபடி ஸ்டுடியோவில் போய் 'ஒழுங்காக' வாசிக்க மாட்டார்கள். அந்த இரண்டு நிமிட கேசட்டையே எடுத்து, 24 டிராக் ஸ்டுடியோவில், அதாவது ஒரே டேப்பில் 24 தனித்தனித் தடங்களாகப் பதியும் ஸ்டுடியோவில், பதிந்த இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒரே பாட்டுக்குள் நல்ல ஸ்டுடியோ ஒலி ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று தரம் விழும். உயர்ந்த ஒலிகள் காணாமல் போகும், கேசட் இரைச்சல் ஏறும், அறை சுருங்கும். ஒட்டு எங்கே என்று நன்றாகக் கேட்கும். மறைக்க ஒரு முயற்சியும் கிடையாது.

இந்த ஒட்டு என்னை இவ்வளவு தொந்தரவு செய்ததற்கு என் தொழிலும் ஒரு காரணம். டப்பிங்குக்கும் விளம்பரங்களுக்கும் ஒலியைச் சுத்தம் செய்வது என் வேலை. யாரோ ஒருவர் ஃபேன் ஓடும் அறையில் பேசியிருப்பார். பேச்சு இல்லாத இடத்தில் ஒரு துளி இரைச்சலைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல், கற்றுக்கொள்' என்று மென்பொருளிடம் காட்டினால், மொத்தத்திலிருந்தும் அதைக் கழித்துக் கொடுத்துவிடும். கொஞ்சம் அதிகமாகக் கழித்தால் குரல் தண்ணீருக்கடியில் போய்விடும். அளவாகக் கழித்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும்: பேசியவர் இருந்த அறை போய்விட்டது. கான்கிரீட் சுவரா ஓட்டுக்கூரையா, மைக் எவ்வளவு தூரம், பக்கத்தில் ஆள் இருந்தாரா, எல்லாத் தகவலும் அந்த இரைச்சலோடு போய்விடும். வாடிக்கையாளருக்கு அதுதான் வேண்டும். நாள் முழுக்க அறைகளை அழித்துவிட்டு இரவில் இந்தத் தட்டைப் போட்டால், இதில் ஒவ்வொரு துண்டும் தன் அறையையும் தூக்கிக்கொண்டு வருகிறது. குளிர்கிடங்கு ஒன்று, பெரிய ஸ்டுடியோ ஒன்று, மலிவான மைக் இருந்த ஏதோ ஒரு கூடம் ஒன்று. பாட்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கதவைத் திறக்காமலே போய்வருகிறது.

சுத்தம் செய்யத் தெரியாதவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாதபடி அதே தட்டில் '24 டிராக் லூப்' இருக்கிறது. பெயரே செய்முறைதான். சின்னத் துணுக்கு ஒன்றை வாசித்து 24 டிராக் டேப்பில் பதிகிறார்கள். அந்த டேப்பை வெட்டி, முனையோடு முனை ஒட்டி, வளையமாகச் சுற்றவிடுகிறார்கள். இனி வாசிப்பு கிடையாது. மிக்சிங் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்கின் ஃபேடரையும், அதாவது சத்த அளவுக் குமிழையும், ஏற்றியும் இறக்கியும், சிலதை ஹார்மோனைசர் என்ற சுருதி மாற்றும் கருவி வழியாக விட்டும், அந்த ஒரே துணுக்கிலிருந்து ஆறு நிமிட இசையைக் கறந்துவிடுகிறார்கள். டிரம்ஸின் சுருதி கீழே சரியும், மேலே ஏறும். பாஸ் இருந்த இடத்தில் ஓட்டை விழும். கறாராகப் பார்த்தால், பதிந்த ரெக்கே பாட்டுகளை மிக்சிங் மேஜையில் பிரித்து மாற்றும் ஜமைக்காவின் டப் இசைக்காரர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். ஆனால் ரெக்கேயின் மிதப்பு இதில் இல்லை, பல்லைக் கடித்த இறுக்கம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடன இசையைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் இதைத் தேதி சொல்லாமல் போட்டுக்காட்டினால், 1995 என்று சொல்ல வாய்ப்பு அதிகம். இது எழுபதுகளின் லண்டன். கணினி கிடையாது. கத்தரிப்பதற்கு பிளேடு, ஒட்டுவதற்கு டேப், அவ்வளவுதான். இவ்வளவு நுட்பமான கை உள்ளவர்கள்தான் அடுத்த பாட்டில் மட்டமான கேசட்டை அப்படியே வைக்கிறார்கள். அதனால் எது எங்கே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இப்போது கேரத் வில்லியம்ஸுக்கு வருகிறேன். வாசிக்கத் தெரியாத ஒருவரை ஏன் சேர்த்தார்கள்? அவர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர், எக்கச்சக்கமாகக் கேட்டவர். ஹேவார்டும் புல்லனும் தேர்ந்த வாசிப்பாளர்கள். தேர்ந்தவர்கள் இருவர் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஆரம்பிப்பதற்குள் மற்றவர் முடிவை ஊகித்துவிடுவார். விரல்கள் பழகிய பாதையில் ஓடும். நடுவில் பாதையே தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஓட்டம் நடக்காது. அவர் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார், எங்கே விடவேண்டும் என்று அவருக்குத் தெரியாது, அல்லது விடவேண்டிய அவசியம் அவருக்குப் படாது. இருவரும் அதைச் சுற்றி வழி கண்டுபிடிக்க வேண்டும். நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எனக்குமே பொதுவாக 'பயிற்சி தேவையில்லை, உணர்வு போதும்' என்ற பேச்சில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இங்கே பயிற்சி உள்ள இருவர் கூட இருந்தார்கள். அந்த விகிதம்தான் வேலை செய்தது. மூவருமே தெரியாதவர்களாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தட்டின் கடைசியில் வரும் 'தி ஃபால் ஆஃப் சைகான்' தனியாகப் பேச வேண்டிய பாட்டு. வியட்நாம் போரில் தெற்கு வியட்நாமின் தலைநகரம் சைகான் விழுந்தது 1975 ஏப்ரல் 30. கட்டிடக் கூரையும் ஹெலிகாப்டரும் ஏணியும் உள்ள காட்சியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழு தொடங்கியபோது அந்தச் செய்திக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. பாட்டில் ஹெலிகாப்டர் இல்லை. அங்கே அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கற்பனைக் கதை இது. சாப்பாடு தீர்ந்துபோய் சோடா என்ற தூதரகப் பூனையைச் சாப்பிடுகிறார்கள். அதிலும் நிறுத்துவதில்லை. இதைக் கத்திப் பாடியிருந்தால் வழக்கமான போர் எதிர்ப்புப் பாட்டாகப் போயிருக்கும். இவர்கள் கிட்டத்தட்டத் தாலாட்டுக்குரிய மந்தமான குரலில், விடுமுறைக்குப் போன கதையைச் சொல்வது போலப் பாடுகிறார்கள். பின்னால் கிட்டார் ரத்தம் வரும்படி பிராண்டிக்கொண்டிருக்கிறது. குரலுக்கும் கிட்டாருக்கும் சம்பந்தமே இல்லாதது போன்ற அந்த நிலை எனக்கு எத்தனை முறை கேட்டாலும் பழகுவதில்லை.

எல்லாமே இப்படி அற்புதம் என்று சொன்னால் பொய். 'மியூசிக் லைக் எஸ்கேப்பிங் கேஸ்', அதாவது வாயு கசிவது போன்ற இசை, பெயருக்கேற்ப கசிகிறது. நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். 'வாட்டர்' பரவாயில்லை. 'டயட் ஆஃப் வோர்ம்ஸ்' ஒரு பெயருக்குள் இருக்கும் சிலேடைக்காகவே வைத்த துண்டோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 1521ல் மார்ட்டின் லூதரை விசாரித்த சபைக்கு அந்தப் பெயர், புழுவைத் தின்பது என்றும் படிக்கலாம். இந்தக் குழுவின் ரசிகர்களில் ஒரு வகை உண்டு, ஒவ்வொரு கீறலையும் கும்பிடுகிறவர்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சத்தம் என்பதாலேயே சத்தம் உயர்ந்ததாகிவிடாது. மாறாக 'நாட் வேவிங்' போன்ற ஒன்றில், கிளாரினெட் தாழ்ந்த சுரத்தில் ஊதி ஊதி ஓய, புல்லனோ ஹேவார்டோ யாரோ ஒருவர் மூச்சு முட்டப் பாடுவதில், ஒரு சத்தமும் இல்லாமலே கழுத்தில் தண்ணீர் ஏறுகிறது.

1979 இந்த வகை இசைக்கு ஒரு அபூர்வமான வருஷம். ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம், கேங் ஆஃப் ஃபோரின் முதல் ஆல்பம், தி ஸ்லிட்ஸ், தி பாப் குரூப், கடைசியில் நவம்பரில் வட்டத் தகர டப்பாவுக்குள் மூன்று தட்டுகளாக பப்ளிக் இமேஜ் லிமிடெட்டின் 'மெட்டல் பாக்ஸ்'. அந்த வரிசையில் 'மெட்டல் பாக்ஸ்'தான் எல்லோரும் சொல்வது. எனக்கும் பிடிக்கும். அந்தக் குழுவின் ஜா வாபிள் வாசித்த பாஸ் மாதிரி இன்னொன்று கிடையாது. ஆனால் அதில் எல்லாமே ஒரே இருட்டுக்குள் நடக்கும். ஜாய் டிவிஷன் தட்டிலோ தயாரிப்பாளர் மார்ட்டின் ஹன்னெட் எல்லாவற்றின் மேலும் பளபளப்பான ஒரு குளிரைப் பூசிவிட்டார். கேட்டவுடன் ஒரு 'மனநிலை' வந்துவிடும். திஸ் ஹீட் அந்த வசதியைத் தருவதில்லை. இரண்டு பாட்டுக்கு மேல் ஒரே மனநிலையில் இருக்கவிடாது.

அடுத்த வருஷம் 'ஹெல்த் அண்ட் எஃபிஷியன்சி' என்று ஒரு 12 அங்குலத் தட்டு. சூரிய வெளிச்சத்தைப் பற்றிய பாட்டு இது என்று அறிவித்துவிட்டே தொடங்கும். இவர்களிடமிருந்து வந்த ஒரே சந்தோஷமான பாட்டு இதுதான் என்று நினைக்கிறேன். மறுபக்கத்தில் உள்ளதை எந்த வேகத்திலும் போட்டுக் கேட்கலாம் என்று சொன்னார்கள்: 16, 33, 45, 78. யாருக்குப் பொறுமை இருக்கிறதோ அவர்கள் கேட்கட்டும்.

பிறகு 1981ல் 'டிசீட்', ரஃப் டிரேட் வெளியீடு. பலருக்கு இதுதான் பெரிய தட்டு. பாடல்கள் அதிகம், குரல் அதிகம், முதல் தட்டைவிட எளிதாக உள்ளே போகலாம். பின்னணியைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. 1979 டிசம்பரில் ஐரோப்பாவில் அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்துவது என்று நேட்டோ முடிவெடுத்தது. 1980ல் பிரிட்டன் அரசு 'புரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்ற சிறு புத்தகத்தை விற்பனைக்கு விட்டது, விலை 50 பென்ஸ். அணுகுண்டு விழுந்தால் குடிமக்கள் என்ன செய்ய வேண்டும்? ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும். வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்து உள்ளே பதுங்க வேண்டும். 14 நாளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் சேர்த்துவைக்க வேண்டும். இதை ஒரு அரசாங்கம் முகத்தில் சிரிப்பில்லாமல் அச்சடித்து விற்றது. 'டிசீட்' அட்டையில் அணுகுண்டுக் காலத்துப் படங்களை ஒட்டிச் செய்த ஒரு முகம் இருக்கும். தட்டின் பெயருக்கு ஏமாற்று என்று பொருள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பாட்டு 'ஸ்லீப்'. மூன்று குரல்கள் சேர்ந்து, உண்மையிலேயே அழகாக, தூங்கச் சொல்லிப் பாடுகின்றன. வரிகளோ விளம்பர வாசகங்கள். மென்மை என்றால் கம்ஃபர்ட் என்று ஒரு வரி வருகிறது. ஆமாம், அதே கம்ஃபர்ட். நம் வீட்டுக் குளியலறையிலும் நிற்கும் அந்தத் துணி மென்மையாக்கிதான். முதல்முறை கவனித்தபோது சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. விளம்பரங்களுக்கு ஒலி சுத்தம் செய்துகொடுத்துச் சம்பாதிக்கும் ஒருவன் இந்தப் பாட்டை நிம்மதியாகக் கேட்பது கஷ்டம். குரலில் ஒரு பிசிறு இல்லாமல், காதுக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். 'ஸ்லீப்' அந்த வழுக்கலைத்தான் பாடுகிறது.

அதே தட்டில் 'இண்டிபெண்டன்ஸ்' என்று ஒன்று. வரிகள் 1776ன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலிருந்து அப்படியே எடுத்தவை. ஒரு சொல்லையும் கேலி செய்யவில்லை. உணர்ச்சியில்லாமல், மந்திரம் ஒப்பிப்பது போலப் பாடிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஏவுகணை நிறுத்தப் போகிறவர்களின் பிரகடனத்தை, நிறுத்தப்படப் போகும் நாட்டில் உட்கார்ந்து பாடுகிறார்கள். போதாதா? 'செனோடாஃப்' லண்டன் போர் நினைவுச் சின்னத்தைப் பற்றியது. பழைய ரோம அரசின் முத்திரை எழுத்துகளைப் பெயராகக் கொண்ட 'எஸ்.பி.க்யூ.ஆர்.' நாமெல்லாம் ரோமானியர்கள் என்கிறது. கடைசி உருப்படி குரலில்லாதது, அணுகுண்டில் தப்பிய ஜப்பானியரைக் குறிக்கும் சொல்லைப் பெயரில் வைத்தது.

ஆனால் எனக்கு இந்தத் தட்டில் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியது 'மேக்ஷிஃப்ட் ஸ்வாஹிலி'. பழைய காலனி நாட்டு துரைசானி ஒருத்தியின் அதட்டல் வரிகளில் இருக்கிறது. ஆர்கன் மேல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தல். பாட்டு சூடேறி உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஸ்டுடியோ ஒலி அப்படியே துண்டிக்கப்பட்டு, மேடையில் வாசித்ததை மலிவாகப் பதிந்த ஒரு டேப் உள்ளே வருகிறது. வேகம் கூடிவிட்டது, எல்லாம் உடைந்து நொறுங்கிக் கேட்கிறது, சிம்பல் எது கிட்டார் எது என்று பிரிக்க முடியவில்லை. தொழில்முறையில் எந்த ஒலிப்பொறியாளரும் உச்சக்கட்டத்தில் தரத்தைக் கூட்டுவாரே தவிரக் குறைக்கமாட்டார். நான் இதை ஸ்பீக்கரில் போட்டு, இந்த வெட்டு விழும் இடத்தை மட்டும் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஸ்டுடியோ வாசிப்பிலும் இந்த ஆத்திரம் இருக்கிறது, ஆனால் அளவோடு. மேடை டேப்பில் மைக் தாங்கவில்லை. மைக் தாங்காததை அவர்கள் பாட்டின் ஒரு பகுதியாக எண்ணினார்கள்.

'டிசீட்' முடிந்த கையோடு கேரத் வில்லியம்ஸ் குழுவிலிருந்து விலகினார். எங்கே போனார் தெரியுமா? கேரளாவுக்கு, கதகளி படிக்க. வாசிக்கத் தெரியாதவர் என்பதற்காகவே மதிக்கப்பட்ட ஒருவர், கண்ணசைவுக்கும் விரல் மடிப்புக்கும் வருஷக்கணக்கில் பயிற்சி கேட்கும் ஒரு கலையைத் தேடி வந்திருக்கிறார். முரண் என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. விடிய விடிய நடக்கும் கதகளியில் செண்டையும் மத்தளமும் சேங்கிலையும் சேர்ந்து அடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அது காதுக்கு இதமான இசை இல்லை. உடம்பில் விழும் சத்தம். குளிர்கிடங்கில் ஹேவார்டின் டிரம்ஸுக்குப் பக்கத்தில் பல வருஷம் நின்ற காதுக்கு அது பழக்கமானதாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். பின்னாளில் லண்டனில் இந்திய மதமும் இசையும் படித்தார். 'ரஃப் கைடு' பயண நூல் வரிசையில் இந்தியா பற்றிய முதல் புத்தகத்துக்கும் எழுதியிருக்கிறார். 2001ல் புற்றுநோயால் இறந்தார்.

அவர் இல்லாமல் திஸ் ஹீட் இல்லை என்பதில் மற்ற இருவரும் நேர்மையாக இருந்தார்கள். 2016 பிப்ரவரியில், தொடங்கி நாற்பது வருஷம் ஆனபோது, லண்டனின் கஃபே ஓட்டோவில் இளைய இசைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாடல்களை மேடையேற்றினார்கள். குழுவுக்கு வைத்த பெயர் 'திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்'. இது திஸ் ஹீட் அல்ல. மறு உருவாக்கம் செய்து டிக்கெட் விற்கும் எத்தனையோ பழைய குழுக்களுக்கு இந்தத் துணிவு வந்ததில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பார்கள். என் வரிசை: முதலில் '24 டிராக் லூப்' மட்டும், தனியாக. பிடித்தால் 'டிசீட்' முழுதும். அதையும் தாண்டி வந்தால் நீல மஞ்சள் தட்டை முதலிலிருந்து, இடையில் நிறுத்தாமல், வால்யூமைத் தொடாமல். கடைசியாக 'ஃபிளேமிங் டியூன்ஸ்' என்ற கேசட். இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகு வில்லியம்ஸ், மேரி கரி என்பவரோடு சேர்ந்து 1985ல் வெளியிட்டது. அமைதியான, கொஞ்சம் குழந்தைத்தனமான வீட்டுப் பாடல்கள். திஸ் ஹீட்டின் கடைசி ஒத்திகைப் பதிவுகள் என்று பொய்ப்பெயர் சூட்டி யாரோ இதைத் திருட்டு சிடியாகப் போட்டு விற்றார்கள், வாங்கியவர்களும் பல வருஷம் அதை நம்பினார்கள். நான் முதலில் கேட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன்: பியானோவுக்குப் பின்னால் அந்த வீட்டு அறையின் இரைச்சலை யாரும் துடைக்கவில்லை.